மருந்துக்கு அடங்காத தொழுநோய்க் கிருமியை மரபணு வழியே பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழுநோய்ப் பணியாளர்களுக்கான வகுப்புகளிலும், நோயாளிகளின் வீட்டாரோடு பேசும்போதும் எனக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘மருந்து கேட்காத தொழுநோய்’ என்று எங்காவது ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், இதே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றைப் போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் ‘மேலே பார்க்கவும்’ என்று விட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

தொழுநோய்தான் ஒழிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே, இன்னும் இருக்கா?

இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் உலக அளவில் எட்டப்பட்டது ஒரு குறிப்பிட்ட இலக்கு மட்டும்தான்: பதிவில் உள்ள நோயாளிகள் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக வந்தார்கள். அதைத்தான் ‘ஒழிப்பு’ என்று அறிவித்தார்கள். நோய் அப்போதும் பரவிக்கொண்டுதான் இருந்தது. 2023-இல்கூட உலகம் முழுவதும் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்பட்டது. இந்தியா, பிரேசில், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளில்தான் அவர்களில் பெரும்பாலானோர் இருக்கிறார்கள்.

மருந்து எதிர்ப்புன்னா என்ன? என் உடம்பு மருந்தை ஏத்துக்கலைன்னு அர்த்தமா?

இல்லை. எதிர்ப்பு உங்கள் உடம்பில் இல்லை, கிருமியில் இருக்கிறது. ரிஃபாம்பிசின் மருந்தை எடுத்துக்கொள்வோம். கிருமி தன் மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. தயாரிக்க ஒரு நொதி வேண்டும். ரிஃபாம்பிசின் போய் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும், கிருமி செத்துவிடும். அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் ஆர்பிஓபி. எந்த மரபணுவும் ஏ, டி, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது, மூன்று எழுத்து சேர்ந்தது ஓர் ‘இடம்’. ஆர்பிஓபியின் 456-ஆவது இடத்தில் டி-சி-ஜி என்று இருக்க வேண்டியது டி-டி-ஜி என்று மாறிவிட்டால், செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லூசின் வந்து உட்காரும். மருந்து ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவம் மாறிப்போகும்.

ஒரே ஓர் எழுத்துதான். அது மாறினால் தொழுநோய்க்கு எதிராக நம்மிடம் உள்ள மிக வலிமையான மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது.

மூணு மருந்து சேர்த்துக் கொடுக்கிறாங்க, அப்படியும் எதிர்ப்பு எப்படி வந்துச்சு?

மூன்று மருந்து கொடுக்கத் தொடங்கியதே எதிர்ப்பு வந்ததால்தான். 1940-களிலிருந்து டாப்சோன் என்ற ஒரே மருந்தைத்தான் பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுக்க, கொடுத்து வந்தார்கள். 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோ மையத்தில் டாப்சோனுக்கு அடங்காத கிருமி இருப்பது நிரூபணமானது. 1976-இல் ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் பதிவானது. இந்த அனுபவத்தால்தான் 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நோய் முற்றிய ஒருவர் உடம்பில் பத்தாயிரம் கோடிக் கிருமிகள்கூட இருக்கலாம். கோடியில் ஒன்று தற்செயலாக ரிஃபாம்பிசினுக்கு அடங்காததாக இருந்தால், மருந்தே தொடாத ஒருவர் உடம்பில்கூட அப்படிப்பட்டவை பத்தாயிரம் இருக்கும். ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, அந்தப் பத்தாயிரம் மட்டும் தங்கிப் பெருகும். கூடவே வேறு வழியில் தாக்கும் மருந்தும் இருந்தால் அவையும் சாகும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி தற்செயலாக உருவாவது மிக மிக அரிது.

இந்தக் கணக்கு உடைவது நடைமுறையில்தான். குளோஃபசிமின் சாப்பிட்டால் தோல் கறுத்துச் செம்மை படரும். வெளியில் தெரிந்துவிடும் என்று பயந்து அந்த மாத்திரையை மட்டும் தனியே எடுத்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் உடம்பில் உள்ள கிருமி ஏற்கெனவே டாப்சோனுக்கு அடங்காததாக இருந்தால், பெயருக்குத்தான் மூன்று மருந்து, உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான். நோயாளி மேல் கோபப்பட்டு இதைச் சரிசெய்ய முடியாது. நிறம் மாறும், மருந்தை நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும்.

கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, மேல மருந்து போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடாதா?

காசநோய்க்கு அப்படித்தான் செய்கிறார்கள். தொழுநோய்க்கு அது கைகொடுக்காது. நார்வேயில் ஹான்சன் 1873-இல் இந்தக் கிருமியைக் கண்டார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஆய்வகத் தட்டிலும் இதை வளர்க்க முடியவில்லை. 1960-இல் ஷெப்பர்ட் என்பவர் சுண்டெலியின் பாதத்தில் வளர்க்க வழி கண்டார். 1971-இல் ஆர்மடில்லோ என்ற, ஓடு போர்த்திய விலங்கின் உடம்பில் வளர்த்தார்கள். ஆனால் ஒரு கிருமி இரண்டாவதற்கே சுமார் இரண்டு வாரம் ஆகும். சுண்டெலிச் சோதனையின் முடிவு வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை நோயாளி என்ன செய்வார்?

ஏன் வளராது என்பது 2001-இல் கிருமியின் முழு மரபணுத்தொகுப்பும் வெளியானபோது ஓரளவு புரிந்தது. அதில் சுமார் 32.7 லட்சம் எழுத்துகள். வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600. உடைந்துபோய் வேலை செய்யாதவை 1,100-க்கும் மேல். தனியாகப் பிழைக்கத் தேவையானதில் பெரும்பகுதியை இழந்துவிட்ட கிருமி இது. அன்று படிக்கப்பட்ட கிருமிக்கு ‘டி.என்.’ என்று பெயர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து ஆர்மடில்லோவில் வளர்த்தது. இன்றும் உலகில் எங்கு தொழுநோய்க் கிருமியின் மரபணுவைப் படித்தாலும் அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சரி, மரபணுவில் எதைத்தான் பார்க்கிறீங்க?

மூன்று இடங்களை. ரிஃபாம்பிசினுக்கு மேலே சொன்ன ஆர்பிஓபி. டாப்சோனுக்கு ஃபோல்பி1 என்ற மரபணுவின் 53, 55-ஆவது இடங்கள். ரிஃபாம்பிசின் பலிக்காதபோது கொடுக்கும் ஆஃப்லாக்சசின் வகை மருந்துகளுக்கு ஜைர்ஏ மரபணு, முக்கியமாக 91-ஆவது இடம். இந்தச் சிறு பகுதிகளை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல கோடி மடங்கு பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறோம். குளோஃபசிமினுக்கு மட்டும் இப்படி உறுதியாகக் கைவைத்துக் காட்டக்கூடிய மரபணு இடம் கிடையாது. நல்லவேளையாக அதற்கான எதிர்ப்பு மிகவும் அரிது.

முடிவு கணினித் திரையில் நான்கு நிற அலைகளாக வரும். ஏ, டி, சி, ஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சி-க்கான அலை எழ வேண்டிய இடத்தில் டி-க்கான அலை எழுந்து நின்றால் அது எதிர்ப்பு. சில சமயம் அதே இடத்தில் இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. அப்படியானால் அந்த உடம்பில் அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் கலந்திருக்கின்றன. சிறிய அலையை ‘அழுக்கு’ என்று தள்ளிவிடக் கூடாது. அடங்காதவை மிகக் குறைவாக இருந்தால் இந்தப் பழைய முறையில் அலை தெரியாமலேயே போகலாம். ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை படிக்கும் புதிய முறைகள் அங்கேதான் உதவுகின்றன.

ரத்தம் எடுத்தா போதாதா? தோலைக் கீறணுமா?

கீறத்தான் வேண்டும். இந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும்: காது மடல், நெற்றி, முழங்கை, தோலுக்கு அருகே ஓடும் நரம்பு. காது மடலை விரலால் ரத்தம் வடிந்து வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்து, சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். கத்தியைத் திருப்பி உள்ளிருந்து சுரண்டினால் வருவது ரத்தம் அல்ல, திசு நீர். அதில் பாதியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால் சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். மீதியை அல்லது ஒரு சிறு தோல் துண்டை 70% ஆல்கஹாலில் போட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். ஆல்கஹாலில் கிருமி செத்துவிடும், டி.என்.ஏ. கெடாது. தொலைதூரம் அனுப்ப ஐஸ் பெட்டிகூட வேண்டியதில்லை.

எதிர்ப்பு இருக்கான்னு பார்க்கிறதும், அது எப்படிப் பரவுதுன்னு பார்க்கிறதும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எதிர்ப்பைக் காண மூன்று இடங்களைப் படித்தால் போதும். பரவலைக் காண, அந்தக் கிருமி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு மரபணுத்தொகுப்பு முழுவதும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் வேண்டும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதுதான். ஏடெழுதியவர் ஒரு பிழை செய்தால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் அதே பிழை தொடரும். பாட வேறுபாடுகளை வரிசைப்படுத்தினால் எந்தச் சுவடி எதிலிருந்து கிளைத்தது என்று சொல்லிவிடலாம். கிருமி தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போதும் எப்போதாவது ஓர் எழுத்து தவறும், அது வழிவழியாகத் தொடரும். இந்த வேறுபாடுகளை வைத்துத்தான் 2005-இல் உலகத் தொழுநோய்க் கிருமிகளை நான்கு பெரும் வகைகளாகவும், 2009-இல் அவற்றை 16 உட்பிரிவுகளாகவும் பிரித்தார்கள். முதல் வகை ஆசியாவில் அதிகம், மூன்றாவது ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும், நான்காவது மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும். மனிதர்கள் இடம்பெயர்ந்த வழிகளும், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட வழிகளும் இந்த வரைபடத்தில் பதிந்திருக்கின்றன.

ரெண்டு பேருக்கும் ஒரே எதிர்ப்பு மாற்றம் இருக்கு. அப்போ ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வந்ததுதானே?

அதை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. 456-இல் செரின் போய் லூசின் வருவது உலகின் எந்த மூலையிலும், எந்த நோயாளியின் உடம்பிலும், தனித்தனியாக உருவாகக்கூடியது. மருந்தின் அழுத்தம் ஒன்றுபோல இருப்பதால் கிருமி தப்பிக்கும் வழியும் ஒன்றுபோல இருக்கிறது. சுவடிப் பதிப்பாளரும் எவர் கையும் எளிதில் தவறக்கூடிய எழுத்தை வைத்து உறவு சொல்ல மாட்டார்.

அதனால் எதிர்ப்பு மாற்றத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மீதி மரபணுத்தொகுப்பைப் பார்க்க வேண்டும். கிளைகள் வேறு வேறாக இருந்து எதிர்ப்பு மட்டும் ஒன்றாக இருந்தால், அங்கே எதிர்ப்பு பரவவில்லை, ஒவ்வொருவரிடமும் புதிதாக உருவாகிறது. சிகிச்சை கொடுக்கப்படும் விதத்தில் கோளாறு என்று பொருள். கிளையும் ஒன்று, எதிர்ப்பும் ஒன்று என்றால், அடங்காத கிருமியே ஆளுக்கு ஆள் தாவுகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. முதலாவதற்கு மருந்து விநியோகத்தையும் நோயாளிகள் மருந்து உட்கொள்ளும் முறையையும் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்குத் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் போக வேண்டும். மரபணுவைப் படிக்காமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை.

மொத்த மரபணுவும் எழுத்து மாறாம ஒண்ணா இருந்தா? அப்போவாவது உறுதியா சொல்லலாமா?

அப்போதும் முடியாது. தொழுநோய்க் கிருமி அவ்வளவு மெதுவாக மாறுகிறது. நடுக்கால ஐரோப்பியக் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து தொழுநோய்க் கிருமியின் மரபணுத்தொகுப்பை எடுத்து, 2013-இல் இன்றைய கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். பல நூறு ஆண்டு இடைவெளி இருந்தும் வேறுபாடு மிகக் குறைவு. இப்படிப்பட்ட ஒப்பீடுகளிலிருந்து கிடைத்த கணக்குப்படி, ஒரு கிளையில் ஓர் எழுத்து மாற ஏறத்தாழ 40 முதல் 50 ஆண்டு ஆகிறது. நோய்க்கிருமி உள்ளே நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டும் ஆகலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தாத்தாவின் கிருமியும் பேத்தியின் கிருமியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கலாம். அதே வட்டாரத்தில் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேரின் கிருமிகளும் ஒன்றாக இருக்கலாம். கொரோனா காலத்தில் மரபணுவை வைத்து வாரக்கணக்கில் பரவலைச் சொன்னார்களே, அந்த எதிர்பார்ப்போடு இதைப் பார்க்காதீர்கள். அந்த வைரஸ் மாதத்துக்கு ஓரிரு எழுத்து மாறியது.

வேகமாக மாறும் பகுதிகளும் உண்டு. சில இடங்களில் குறுகிய எழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, ஒரே வீட்டுக்குள் பரவியதா என்று பார்க்கிறார்கள். ஆனால் ஒரே நோயாளியின் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்த மாதிரிகளிலேயே இந்த எண்ணிக்கை மாறுபடுவதுண்டு. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது.

அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி மரபணு படிக்கணும்?

‘இவரிடமிருந்து அவருக்கு வந்தது’ என்று சொல்லாவிட்டாலும், ‘இவரிடமிருந்து அவருக்கு வரவில்லை’ என்று உறுதியாகச் சொல்லும். கிளை வேறு என்றால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. இதுவே பெரிய உதவி. அதோடு ஒரு பகுதியில் அடங்காத கிருமி வேரூன்றிவிட்டதா என்பதையும் காட்டிவிடும்.

பிரேசிலின் பாரா மாநிலத்தில் விலா டூ பிராட்டா என்ற ஊர், முன்பு தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த குடியிருப்பு. அங்கே 37 பேரிடம் எடுத்த தோல் மாதிரிகளில் 16 பேருக்கு எதிர்ப்பு மாற்றம் இருந்தது என்று 2020-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பலருக்கு ரிஃபாம்பிசின், டாப்சோன் இரண்டுக்குமே எதிர்ப்பு. நோய் திரும்பியவர்கள் மட்டும் அல்ல, புதிதாக நோய் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். முழு மரபணுத்தொகுப்பையும் படித்தபோது அவை ஒரு சில கிளைகளுக்குள் அடங்கின. அடங்காத கிருமி அங்கே ஆளுக்கு ஆள் பரவிக்கொண்டிருக்கிறது என்பதையே அது காட்டியது. ஒருவரை ஒதுக்கி வைப்பது நோயை நிறுத்தாது என்பதற்கும் இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

உலகத்துல எவ்வளவு பேருக்கு இந்த எதிர்ப்பு இருக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையமைப்பு 2009 முதல் 2015 வரை 19 நாடுகளில் 1,932 பேரின் மாதிரிகளைச் சோதித்தது. 154 பேரிடம், அதாவது 8 விழுக்காட்டினரிடம், ஏதாவது ஒரு மருந்துக்கு எதிர்ப்பு இருந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டும் எடுத்தால், நோய் திரும்பியவர்களில் 5.1%, புதிய நோயாளிகளில் 2%.

இந்த எண்களை அப்படியே எல்லா நோயாளிகளுக்கும் பொருத்திவிடாதீர்கள். சோதித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் திரும்பியவர்கள், அவர்களிடம் எதிர்ப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. அதோடு, சோதனைக்கு அனுப்பும் அளவுக்குக் கிருமி அதிகமுள்ளவர்கள் மட்டுமே இதில் வந்தார்கள். இது இன்னும் பெரும் பரவலாகவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் டாப்சோன் எதிர்ப்பும் ஒரு காலத்தில் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

புது நோயாளி ஒரு மாத்திரைகூட சாப்பிடலை. அவருக்கு எப்படி எதிர்ப்பு வரும்?

அவரை வந்தடைந்த கிருமியே அடங்காததாக இருந்திருக்கிறது. பரவலைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. நோய் திரும்பியவரிடம் எதிர்ப்பு இருந்தால் அவர் உடம்பிலேயே உருவாகியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். புது நோயாளியிடம் அந்தச் சமாதானம் எடுபடாது, வேறு யாரோ ஒருவர் கண்டறியப்படாமல் அருகில் இருக்கிறார். அதனால்தான் நோய் திரும்பியவர்களை மட்டும் சோதிக்கும் திட்டம் எனக்குப் போதாததாகத் தோன்றுகிறது. கிருமி அதிகமுள்ள புது நோயாளிகளில் ஒரு பகுதியினரையாவது சோதிக்க வேண்டும்.

முழுக் கோர்ஸும் முடிச்சாச்சு, மறுபடி சிவந்து தடிக்குது. எதிர்ப்பா?

பெரும்பாலும் இல்லை. சிகிச்சை முடிந்தபின் திடீரென்று சிவப்பது, வீங்குவது, நரம்பு வலிப்பது பலருக்கு ‘ரியாக்‌ஷன்’ எனப்படும் நோய் எதிர்ப்பாற்றலின் சீற்றம். செத்த கிருமிகளின் மிச்சத்தைப் பார்த்துக்கூட உடம்பு இப்படிச் சீறும். அதற்கு வேறு மருந்து, அதுவும் உடனே வேண்டும். தாமதித்தால் நரம்பு போய்விடும்.

உண்மையிலேயே நோய் திரும்பியிருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: உறங்கிக் கிடந்த பழைய கிருமி மருந்துக்குத் தப்பிப் பின்னர் எழுந்தது, வெளியிலிருந்து புதிய தொற்று வந்தது, அல்லது எதிர்ப்பு. மூன்றாவதை மரபணு நேரடியாகச் சொல்லிவிடும். முதல் இரண்டைப் பிரிக்க, முதல் தடவை எடுத்த மாதிரி கையில் இருக்க வேண்டும். கிளை வேறாக இருந்தால் புதிய தொற்று என்று சொல்லலாம். ஒன்றாக இருந்தால் எழுத்து மாற 40 ஆண்டு ஆகும் சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும், அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே கிளைதான் என்றால் பதில் கிடைக்காது. பழைய மாதிரிகளைப் பத்திரப்படுத்தும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

டி.என்.ஏ. கிடைச்சுதுன்னா கிருமி உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. செத்த தொழுநோய்க் கிருமியை உடம்பு மிக மெதுவாகத்தான் அகற்றும், சிலருக்குப் பல ஆண்டு ஆகும். அதுவரை டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டே இருக்கும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, சீக்கிரம் சிதைந்துபோகும் ஆர்.என்.ஏ.வை அளக்க வேண்டும். சிகிச்சை முடிந்தவரிடம் டி.என்.ஏ. வந்ததை மட்டும் வைத்து ‘குணமாகவில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லா நோயாளிக்கும் இந்தச் சோதனையைச் செய்துட்டா என்ன?

ஓரிரு தேமல் மட்டும் உள்ளவர்களிடம் கிருமி மிகக் குறைவு. கீறல் பரிசோதனையில் ஒன்றுகூடத் தெரியாது. எதிர்ப்புச் சோதனைக்குக் கிருமிக் குறியீடு (கீறல் பரிசோதனையில் தெரியும் கிருமிகளின் அளவைக் காட்டும் எண்) 2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நம்பகமான முடிவு வரும். முழு மரபணுத்தொகுப்பைப் படிப்பது இன்னும் கடினம். தோல் துண்டில் உள்ள டி.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி நோயாளியுடையது, கிருமியுடையது துளி. அந்தத் துளியைத் தூண்டில் போட்டு இழுப்பதுபோலத் தனியே பிரித்தெடுக்கும் வேதியியல் முறைகள் வந்திருக்கின்றன, அவை கிருமி நிறைய உள்ள மாதிரிகளில்தான் நன்றாக வேலை செய்கின்றன.

ஆகவே நாம் வரையும் பரவல் வரைபடத்தில் பெரிய பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. கிருமி குறைவாக உள்ளவர்கள் அதிகம் பரப்புவதில்லை என்பது ஆறுதல்.

விலங்குகள்கிட்ட இருந்தும் வருதாமே?

வருகிறது, எல்லா இடத்திலும் அல்ல. அமெரிக்காவின் தென்பகுதியில் நோயாளிகளிடமும் காட்டு ஆர்மடில்லோக்களிடமும் ஒரே கிளைக் கிருமி இருப்பதை 2011-இல் மரபணு வழியே காட்டினார்கள். 2016-இல் பிரிட்டிஷ் தீவுகளின் செவ்வணில்களிடமும், 2021-இல் மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமும் கண்டார்கள். ஆனால் உலகில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவது மனிதரிடமிருந்துதான். மருந்து எதிர்ப்பைப் பொறுத்தவரை விலங்குகளுக்கு யாரும் ரிஃபாம்பிசின் கொடுப்பதில்லை. எதிர்ப்பு வளர்வதற்கான அழுத்தம் மனித உடம்பில்தான் இருக்கிறது.

மெதுவா மாறும் கிருமின்னு சொன்னீங்க. சிலது மட்டும் வேகமா மாறுதுன்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 2018-இல் 25 நாடுகளைச் சேர்ந்த 154 மரபணுத்தொகுப்புகளை ஒப்பிட்டபோது, எட்டுக் கிருமிகளில் மட்டும் வழக்கத்துக்கு மிஞ்சிய மாற்றங்கள் இருந்தன. டி.என்.ஏ.வில் விழும் பழுதைச் சரிசெய்யும் ஒரு மரபணு அவற்றில் கெட்டுப்போயிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை மருந்துக்கு அடங்காதவை. பிழை அதிகம் செய்யும் கிருமிக்கு, மருந்திலிருந்து தப்பிக்கும் பிழையும் சீக்கிரம் அமைந்துவிடுகிறது போலும்.

பரவலைத் தேடுகிறவருக்கு இது இரட்டைச் சிக்கல். இரண்டு கிருமிகளுக்கிடையே நிறைய வேறுபாடு இருந்தால் உறவு தூரம் என்பதுதான் வழக்கமான கணக்கு. இத்தகைய கிருமியிடம் அந்தக் கணக்கு செல்லாது. முதலில் பழுது நீக்கும் மரபணு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆண்டுக் கணக்கில் இறங்க வேண்டும்.

வீட்ல எல்லாருக்கும் ஒரு தடவை ரிஃபாம்பிசின் கொடுக்கிறாங்க. அதனாலயே எதிர்ப்பு வராதா?

நல்ல கேள்வி. வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு தடவை ரிஃபாம்பிசின் கொடுத்தபோது முதல் இரண்டு ஆண்டில் புதிய நோய் 57% குறைந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. நலமாக இருப்பவர் உடம்பில் கிருமி இருந்தாலும் மிகக் கொஞ்சம், மேலே போட்ட பத்தாயிரம் கோடிக் கணக்கு அங்கே பொருந்தாது. அதனால் ஆபத்து மிகக் குறைவு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே நோய் முற்றியும் யாரும் கவனிக்காத ஒருவருக்குத் தனி ரிஃபாம்பிசின் போய்விடக் கூடாது. ஆகவே மாத்திரை கொடுக்குமுன் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும், காசநோய் அறிகுறியும் விசாரிக்க வேண்டும். அப்புறம், அந்த வீட்டு நோயாளியின் கிருமியே ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது என்றால் இந்தத் தடுப்பு பயன் தராது. அந்த வீட்டாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

எதிர்ப்புன்னு முடிவு வந்துட்டா அவ்வளவுதானா? மருந்தே இல்லையா?

இருக்கிறது. ரிஃபாம்பிசின் பலிக்காவிட்டால் ஆஃப்லாக்சசின் வகை மருந்து, மினோசைக்ளின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றில் இரண்டை, குளோஃபசிமினோடு சேர்த்து ஆறு மாதம் தினமும் கொடுப்பார்கள். பிறகு குளோஃபசிமினோடு ஒன்றை மட்டும் மேலும் 18 மாதம். நீளமான சிகிச்சைதான், ஆனால் குணமாகும் வழி இருக்கிறது. இதற்கு முன் ஜைர்ஏ மரபணுவையும் பார்த்துவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் பலிக்காத இன்னொரு மருந்தைக் கையில் கொடுத்துவிடுவோம்.

சோதனை முடிவை நோயாளிகிட்ட சொல்லணுமா? யாரு யாருக்குக் கொடுத்தாங்கன்னு வீட்ல சண்டை வராதா?

இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. எதிர்ப்பு இருக்கிறதா என்பது அவருடைய சிகிச்சையை மாற்றும் செய்தி. அதைக் கட்டாயம், சீக்கிரம், புரியும்படி சொல்ல வேண்டும். மாதிரியை வாங்கிக்கொண்டு போய் ஆய்வுக் கட்டுரையில் மட்டும் முடிவைப் போட்டுவிட்டு, நோயாளிக்குப் பழைய மாத்திரையே போய்க்கொண்டிருப்பது அநியாயம்.

அவருடைய கிருமி யாருடைய கிருமியோடு ஒத்துப்போகிறது என்பது வேறு. முழுத்தொகுப்பும் ஒத்துப்போனால்கூட யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்று மேலே பார்த்தோம். நிரூபிக்க முடியாத ஒன்றை வீட்டுக்குள் கொண்டுபோனால், மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவார்கள். வரும் பழி பெரும்பாலும் வீட்டில் பலவீனமானவர் தலையில்தான் விழும். அதை நான் சொல்ல மாட்டேன், மற்றவர்களும் சொல்ல வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். வரைபடம் வெளியிடும்போதும் அப்படியே: ஊரில் நான்கு வீடுதான் என்றால், பெயர் போடாமல் புள்ளி மட்டும் வைத்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புள்ளியை மாவட்ட அளவில் வையுங்கள். மாதிரி எடுக்கும்போதே எதற்கு எடுக்கிறோம், எந்த முடிவை அவருக்குச் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று விளக்கி, அவர் சம்மதித்த பிறகு கீறுங்கள்.